வாய்க்காலுக்கு மேலே ஒரு பயணம்

மூன்று நாள் வெளியூர் போய் வரலாம் என்று பேச்சை எடுத்தாலே விவசாயி வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? கல்யாணம், காதுகுத்து, எழவு என்றால் விடியக் கிளம்பி பொழுது சாயத் திரும்பி விடலாம். இரவு தங்குவதென்றால் கறவைக்கு ஆள் வேண்டும், பட்டிக்குக் காவல் வேண்டும், கரண்டு வரும் நேரத்தில் மோட்டார் போட ஒருவர் வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே எத்தனையோ குடும்பங்கள் பழனி மலையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

தாராபுரம் பக்கத்து ஒரு குடும்பத்துக்கு இந்தத் தை மாதம் பதில் கிடைத்தது. மருமகளின் அண்ணன் மூன்று நாள் வந்து தங்குவதாகச் சொன்னார். தன் பொலேரோ வண்டியையும் கொடுத்தார். பட்டிப் பொங்கல் முடிந்த வாரம், ஆறு பேர் கிளம்பினார்கள்: 76 வயதுப் பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி, ஏழாவது படிக்கும் பேரன். போன இடம் மூணாறுக்கு மேலே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா.

இந்தக் குடும்பத்துக்கு ராஜவாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் வயல். மேட்டில் ஆறு ஏக்கர் கொறங்காடு. கொறங்காடு என்றால் கொங்குச் சீமைக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை உயிர்வேலியும் உள்ள மேய்ச்சல் நிலம் அது. தடுத்துத் தடுத்துப் பட்டிகளாகப் பிரித்து, ஒன்றை மேய்த்தால் ஒன்றைக் காயப் போடுவார்கள். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லில்தான். இவர்களுக்கு அதில் இரண்டு பசு, கன்றுகள், இருபது ஆடு.

அந்த ஆறு ஏக்கருக்குத்தான் இப்போது விலை பேசுகிறார்கள். சூரிய மின்சாரம் எடுக்கும் கம்பெனி ஒன்றுக்காகத் தரகர் வந்து சொன்ன தொகை, ஐம்பது வருடம் ஆடு மேய்த்தாலும் வராத தொகை. மகனுக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்ட கடன் இருக்கிறது, மகள் படிப்பு இருக்கிறது. ஊர் திரும்பியதும் திங்கட்கிழமை அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு. பெரியவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து நாளாக மகனோடு சரியாகப் பேசவும் இல்லை. அப்பா, தாத்தா இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று பேத்திதான் இந்தப் பயணத்துக்கு அடம்பிடித்தாள். கல்லூரி என்.சி.சி. தோழியிடம் இரண்டு கூடாரம் இரவல் வாங்கி வந்ததும் அவள்தான்.

உடுமலைப்பேட்டை தாண்டி அமராவதி அணைப் பக்கம் வந்தபோது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. 1957இல் கட்டி முடித்த அணை. 90 அடி ஆழம், 4 டி.எம்.சி. கொள்ளளவு, சுமார் 55 ஆயிரம் ஏக்கர் பாசனம். அணை வேலை நடந்தபோது பெரியவருக்கு ஏழெட்டு வயது. அன்று முதல் இன்று வரை அந்தத் தண்ணீரில்தான் சோறு. அணைக்கு மேலே அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

ஒன்பதாறு சோதனைச்சாவடியிலிருந்து காட்டுப் பாதை. யானை கடக்கும் வழி. இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. பாட்டியம்மா சமையலுக்கென்று வேலமரத்து விறகு ஒரு கட்டு வண்டியில் ஏற்றியிருந்தார். சந்தனக்காட்டை ஒட்டிய சாவடிகளில் விறகுக் கட்டோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சாவடிக்கு முன்னாலேயே டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கட்டு அவர் கடையில் இறங்கியது. திரும்பி வரும்போது அதில் பாதிதான் இருந்தது என்பது பாட்டியம்மாவின் புகார்.

சின்னாறு சரணாலயம் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் சுற்றளவில்தான் மழை. வேல மரமும் கள்ளியும் முள்ளுமாகக் கிடக்கும் காட்டைப் பார்த்ததும் பெரியவர் முதன்முதலாக வாய் திறந்தார். "இது நம்ம காடாட்டத்தான இருக்குது." மலை ஏற வந்தவர்களுக்குப் பச்சையைக் காணோம் என்ற ஏமாற்றம், அவருக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி. கொஞ்ச தூரம் மேலே போனால் சாலையிலிருந்தே பள்ளத்துக்கு அப்பால் தூவானம் அருவி வெள்ளையாகத் தெரியும். அதுதான் பாம்பாறு. சின்னாறும் தேனாறும் அதோடு கலந்து கீழே இறங்கினால் அமராவதி. சங்க காலத்தில் ஆன்பொருநை என்று பெயர் பெற்ற ஆறு.

மறையூரில் கரும்பு. கீழ்நாட்டுக் கரும்புக்காரர்களுக்கு அங்கே பார்க்க நிறைய உண்டு. வயலுக்கு நடுவிலேயே ஆலைக் கொட்டகை போட்டு, சாறு பிழிந்து, சக்கையையே எரித்துக் காய்ச்சி, சூட்டோடு கையால் உருண்டை பிடிக்கிறார்கள். நிறம் கருத்துத்தான் இருக்கும்; வெளுப்பதற்கு மருந்து போடுவதில்லை. 2019இல் மறையூர் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குக் காரணம் கீழே தமிழ்நாட்டில் காய்ச்சிய வெல்லத்தை மறையூர் என்று சொல்லி விற்றதும்தான். கொட்டகைக்காரர் இதைச் சொன்னபோது மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

தேசியப் பூங்காவுக்குள் யாரும் கூடாரம் போட முடியாது. இதைத் தெரியாமல் போய் வாசலில் நின்று வாக்குவாதம் செய்கிறவர்கள் உண்டு. பூங்காவுக்கு வெளியே, காந்தளூர் பக்கத்தில் தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த இடத்தில் கூடாரத்துக்கு இடம் தருகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊரும் சேர்ந்து அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிப் போன தமிழர்களின் ஊர்கள். பேச்சுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

பூண்டு வயலுக்கும் பழத்தோட்டத்துக்கும் நடுவே இடம் கிடைத்தது. கூடாரம் அடிப்பது பேத்தி, பேரன் வேலை. தரையில் விரிப்பு போட்டுப் படுக்கலாம் என்றாள் பேத்தி. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டக்காரரிடம் கேட்டு நாலு கத்தை காய்ந்த புல் வாங்கி, அதைப் பரப்பி, மேலே தார்ப்பாய் போட்டு, அதன்மேல்தான் கூடாரம் என்றார். தை மாதக் குளிரில் மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் கீழே தரை சூட்டை உறிஞ்சிவிடும். கூடாரம் விற்கிற கடையில் இதற்கென்றே ஒரு பாய் தனியாக விற்கிறார்கள். நாலு கத்தைப் புல் போதும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கூடாரத்தை முழுக்க மூடினால் உள்ளே மூச்சுக்காற்று குளிர்ந்து துணியிலிருந்து சொட்டும். மேல் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ குளிருக்கு என்று கூடாரத்துக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்தப் புகைக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டக்காரர் வந்து தீ அருகில் உட்கார்ந்தார். பேச்சு பூண்டில் ஆரம்பித்தது. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பல் சிறிது, காரமும் மணமும் அதிகம். விதைப் பூண்டை அடுப்புப் புகை படும் பரணில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். விலை முடிவு செய்வது என்னவோ கீழே வடுகப்பட்டி சந்தைதான்.

"தண்ணிக்கு எப்படீங்கண்ணா?" என்று மகன் கேட்டார்.

தோட்டக்காரர் இருட்டில் மேட்டைக் காட்டினார். "அந்த மேடு பூராவும் எங்க அப்பா காலத்துல புல்லுங்க. சும்மா கெடக்குதேன்னு எல்லாரும் கிராண்டிஸ் வச்சோம். வெட்டினப்போ நல்ல காசு. ரெண்டாவது வெட்டு வர்றதுக்குள்ள கீழே ஊத்துக் கண்ணு அடைஞ்சு போச்சு. இப்ப பூண்டுக்கு எங்கிருந்தோ குழாய் இழுத்துக் கொண்டாறோம். குழாய்க்குக் குடுத்த காச கணக்குப் போட்டா மரம் வித்த காசு காணாதுங்க."

மகன் பதில் சொல்லவில்லை. பெரியவரும் எதுவும் சொல்லவில்லை. தீயைக் கிளறிவிட்டார், அவ்வளவுதான்.

கிராண்டிஸ் என்பது தைலமரத்தில் ஒரு வகை. தைலமரம் எங்கே வைத்தாலும் ஊற்றை அடைத்துவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மண்ணையும் மழையையும் பொறுத்தது. ஆனால் காலங்காலமாகப் புல் மட்டுமே இருந்த மேட்டில், வருடம் முழுக்க இலை விட்டு வேகமாக வளரும் மரத்தை நெருக்கி வைத்தால், மழை இல்லாத மாதங்களுக்கு மண் சேர்த்து வைத்த நீரை அது குடித்துவிடும். நீலகிரியிலும் மூணாறிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து புல்வெளியைத் தரிசு என்று எழுதி, சீகையும் தைலமரமும் வைத்தார்கள். சீகையைப் பிடுங்கிப் புல்லைத் திரும்பக் கொண்டுவர இப்போது வனத்துறை பாடுபடுகிறது.

தோட்டக்காரர் இன்னொன்றும் சொன்னார். கீழே அமராவதிக்காரர்களுக்கு எப்படியோ, இவர்களுக்கும் அதே ஆறுதான். காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பில் பாம்பாற்றுப் படுகையில் கேரளத்துக்கு 3 டி.எம்.சி. ஒதுக்கியது. அதைப் பிடித்து வைக்க இங்கே அணை கட்டினால் கீழே கூச்சல் எழும். "உங்க தண்ணிய நாங்க பிடிக்கறமாம்" என்று சிரித்தார். பெரியவரும் சிரித்துவிட்டார். அவரும் தாராபுரத்தில் ஒரு கூட்டத்தில் அந்தக் கூச்சல் போட்டவர்தான்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினார்கள். பூங்காவின் ராஜமலைப் பகுதி மட்டும்தான் பொதுமக்களுக்கு. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். அது இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போல நல்ல பாதையில் நடை. வயதானவர்கள் நின்று நின்று ஏறிவிடலாம். சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. விடுமுறை நாளில் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். பிளாஸ்டிக் உள்ளே கொண்டுபோகக் கூடாது. எந்த மாதம் போகலாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடு குட்டி போடும் பருவம் என்று பூங்காவை மூடிவிடுவது வழக்கம். ஏப்ரலில் திறப்பார்கள். தென்மேற்குப் பருவமழையில் போனால் மேகத்தைத்தான் பார்க்க முடியும். நீலக்குறிஞ்சிக்காகவே போகிறவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். போன தடவை பூத்தது 2018இல்.

மூடும் காரணத்தைப் பேத்தி படித்துச் சொன்னபோது பெரியவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை. "நாமளும் சினையாட்டத் தனியாத்தான கட்டறோம் அம்மணி?" என்றார்.

97 சதுர கிலோமீட்டர் பூங்கா. அதற்குள்தான் ஆனைமுடி, 2,695 மீட்டர், தென்னிந்தியாவில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மேடு இது. சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை ஏறியும் இது தப்பியதற்கு அது ஒரு காரணம். வேட்டைக்காரன் காப்பாற்றிய காடு! 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா.

போய் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை புல். பள்ளங்களில் மட்டும் கருகருவென்று சோலை. வரையாடு தேடி அலைய வேண்டியதில்லை. பாதை ஓரத்திலேயே மேய்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கை உலகிலேயே அதிகமாகப் பார்க்கும் இடம் கேரளத்தில் இருக்கிறது. பேரன் கையில் இருந்த கடலை மிட்டாயைப் பார்த்து ஒரு கிடாய் நின்றது. தீனி போடக் கூடாது என்று காவலர் ஓடி வந்தார்.

அந்தக் காவலர் முதுவர் இனத்தைச் சேர்ந்தவர். பெரியவர் அவரைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு குடும்பம் முன்னே போய்விட்டது, இவர்கள் இருவரும் ஒரு பாறை ஓரம் நின்று அரை மணி நேரம் புல்லைப் பற்றிப் பேசினார்கள். பனிக்காலத்தில் மேட்டை ஒரே அடியாக விடாமல், துண்டு துண்டாகப் பிரித்து, ஆள் நின்று முறைவைத்து எரிப்பதைக் காவலர் சொன்னார். பழைய புல் எரிந்து புதுக் கொழுந்து வந்தால் ஆடு அங்கே மேயும். பெருந்தீ வந்தாலும் எரித்த துண்டில் நின்றுவிடும். எல்லாத்தையும் ஒரே வருடம் தொடுவதில்லை. பெரியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பட்டி மேய்ந்தால் ஒரு பட்டி காயும் என்பதுதானே.

"இந்தத் தண்ணி அமராவதிக்குத்தான வருது?" என்று பாதை ஓரம் கசிந்த ஓடையைக் காட்டிக் கேட்டார்.

காவலர் இல்லை என்றார். இந்தப் பக்கம் விழுகிற மழை பெரியாற்றுக்கு. அந்த முகட்டுக்குப் பின்னால் கிழக்கே விழுவதுதான் பாம்பாற்றுக்கு. பெரியவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனால் திரும்பும் வழியில் மறையூர்ச் சாலையில் லக்கம் அருவி இருக்கிறது. அது இரவிகுளத்துப் புல்மேட்டிலிருந்தே இறங்கி வரும் ஓடை, பாம்பாற்றில் சேர்வது. வடகிழக்குப் பருவமழை நின்று வாரக்கணக்கு ஆகியும் தண்ணீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. மேலே உள்ள கருப்பு மண் மட்கிப் போன புல்வேரால் ஆனது. பெய்யும் மழையைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முகம் கழுவி, ஒரு கை அள்ளிக் குடித்தார். சில்லென்ற தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்ற பாட்டியம்மாவையும் கூப்பிட்டார்.

மகன் பாறையில் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து அவராகவே கேட்டார்: "நம்ம கொறங்காட்டுல பேயற மழை எங்கீங்கப்பா போவுது?"

"எங்க போவுது? போறதே இல்லியே கண்ணு. நின்னு எறங்கிருது. கீழ்க்கிணறு சித்திரையில ரெண்டு மணி நேரம் ஓடறது எதுனாலங்கற?"

பக்கத்துக் காட்டுக்காரர் போன வருடம் விற்றுவிட்டார். கம்பெனிக்காரர்கள் மரத்தையும் புல்லையும் வழித்துச் சமப்படுத்தினார்கள். ஐப்பசி மழையில் அங்கிருந்து தண்ணீர் செம்மண்ணாக ஓடி வந்து ரோட்டில் நின்றது. மகனும் அதைப் பார்த்தவர்தான். கொறங்காட்டுக் கணக்கில் அந்தக் கிணற்றை அவர் இதுவரை சேர்த்ததில்லை. ஆடு, பால், எரு மட்டும்தான் சேர்த்திருந்தார்.

சூரிய மின்சாரம் தப்பு என்று சொல்வதற்கில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்று என்று புத்தி சொல்வதும் சுலபம். ஆனால் விலை பேசும்போது நிலம் தரும் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் விலை பேச வேண்டும். கொறங்காட்டுக் காகிதத்தில் புன்செய் என்றுதான் இருக்கும். கிணற்றுக்கு நீர் தரும் மேடு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

அன்று இரவு காந்தளூர்க் கூடாரத்தில் தகப்பனும் மகனும் வெகுநேரம் பேசியது பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்டது. பேத்தி தூங்குவது போலப் படுத்திருந்தாள். சத்தம் ஒரு தடவை உயர்ந்தது, பிறகு தணிந்தது. கிழக்குப் பட்டியில் புல் மெலிந்து போயிருக்கிறது, புது விதை போட வேண்டும் என்பதில் பேச்சு முடிந்தது. கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். அறுத்த உடனே விதைத்தால் முளைக்காது. ஆறேழு மாதம் உறக்கம் உண்டு. பழைய விதையாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். இது தெரியாமல் விதை பொய் என்று திட்டுகிறவர்கள் நிறைய.

மூன்றாம் நாள் மதியம் வீடு வந்து சேர்ந்தார்கள். மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். மூத்த பசு முதல் நாள் சாயங்காலம் அவரை மடியில் கை வைக்கவே விடவில்லை. கன்றை விட்டுக் குடிக்கச் செய்துவிட்டார். ஆடு மூன்று, வேலி இடுக்கு வழியாகப் பக்கத்துச் சோளக்காட்டில் இறங்கிவிட்டன. அந்தப் பஞ்சாயத்து தனி.

திங்கட்கிழமை தரகர் காரில் வந்தபோது மகன் வேலி இடுக்கில் முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த அரிவாளைக் கீழே வைக்காமலேயே பேசினார். கிணற்றுக்கு மேலே உள்ள நாலு ஏக்கர் பேச்சே வேண்டாமுங்க. ரோட்டோரத்து ரெண்டு ஏக்கர் வேணுமின்னா ஆடி கழிஞ்சு பாக்கலாமுங்க. ரெண்டு ஏக்கர் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டுத் தரகர் வண்டியைத் திருப்பினார். கடனுக்கு வழி இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியவருக்கு அந்த ரெண்டு ஏக்கரையும் கொடுக்க மனமில்லை. அதை அவர் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.